சிப்பி அண்ணாச்சி பார்த்த வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கத் தெரிந்தவர் தூத்துக்குடியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரச் சொன்னால்கூட, நீ முன்னால் போ, நான் நடந்து வந்துவிடுகிறேன் என்பார்.

சிப்பி அண்ணாச்சி என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயருக்கு வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று எழுதித் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். கடற்கரைச் சாலையில் சின்னதாக ஒரு கயிற்றுக் கடை வைத்திருந்தார். ஆனால் அவருடைய பெருமையெல்லாம் வாலிபத்தில் முத்துக்குளிப்பு நாட்களில் சிப்பி ஏலம் எடுத்ததில் இருந்தது. அங்கே சிப்பியைத் திறந்து காட்டமாட்டார்கள். மூடிய சிப்பியை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது எடுத்தவன் பாடு. அண்ணாச்சி குவியலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையைத் தூக்குவாராம். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு.

நான் சொல்வது எழுபதுகளில். முத்துக்குளிப்பு நின்று வெகுநாளாகியிருந்தது. ஆனால் அண்ணாச்சிக்கு விற்பனைக்கு வந்த எல்லாமே மூடிய சிப்பிதான். போட்டுப் பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் கண் இல்லாதவன் வேலை என்பார். ஒரு ரேடியோவை முள்ளைக்கூடத் திருப்பாமல் வாங்கினார். அதில் இலங்கை மட்டும்தான் எடுத்தது. தெருவில் யாருக்கும் வேறு எதுவும் தேவைப்படாததால் அதுவும் அவர் கணக்கில் வெற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போனார்கள். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு, முடிச்சிரலாம் என்று சொல்லித் திரும்பிவிட்டார். அந்த மாப்பிள்ளை இன்றுவரை தங்கமான மனிதராக இருக்கிறார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இறாலும் கருவாடும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. கீழவைப்பாரிலிருந்து ஆலந்தலைவரை கரையோர ஊர்களுக்குப் போய், வள்ளம் கரையேறியதும் சரக்குப் பிடிக்க வேண்டும். ரோட்டைவிட்டு இறங்கினால் மணல், உடைமுள், மறுபடியும் மணல். மணலில் ஓடுகிற வண்டியாக ஒரு மாதத்துக்குள் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா இல்லை. கீழே இரண்டு தங்கைகள். என் கையில் இருந்த தொகைக்குப் புது வண்டியில் முன்சக்கரம் மட்டும்தான் கிடைக்கும். அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

முதலில் பார்த்தது ஒரு துறைமுகக் காண்டிராக்டரின் வண்டி. கறுப்பு நிறம், நல்ல கனம், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகித் தெருவையே அதிரவைத்தது. அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சத்தம் கேட்டால் கண் கெட்டுப்போகுமாம். சத்தம் நின்றதும் குனிந்து, சீட்டுக்கு அடியில் சட்டத்தில் ஓரிடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார்.

“உள்ளுக்குள்ள உப்பு தின்னுருக்குலே. மேல பெயிண்ட அடிச்சு வச்சிருக்கான். இந்தக் கனத்தோட மணல்ல எறக்குனா, நங்கூரம் போட்டாப்புல நிக்கும்” என்றார்.

அடுத்தது ஸ்ரீவைகுண்டம். ஒரு நெல் வியாபாரியின் மாட்டுத் தொழுவத்தில், சாயம் போன சிவப்பில் ஒல்லியாக ஒரு வண்டி நின்றது. சீட்டில் கோழி உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி கோழியை மரியாதையாக இறக்கிவிட்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தடவினார். பல் கூராகத் தேயாமல் இருந்தது. சக்கரக் கம்பிகளை நகத்தால் சுண்டினார். எல்லாம் ஒரே சுருதியில் பேசின. பிறகு வியாபாரியைப் பார்த்து, வேட்டியைத் தூக்கி வலது காலைக் காட்டும் வே என்றார். அந்த மனிதர் திகைத்துப்போய் முழங்கால்வரை தூக்கிக் காட்டினார்.

“கிக்கர் திருப்பி அடிச்ச தழும்பு ஒண்ணுகூட இல்ல பாரு. சொன்ன சொல்லு கேக்குத வண்டி. எடுலே.”

ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். கன்னத்தில் அறைந்ததுபோல அவர் முகம் ஆகிவிட்டது. தொறந்து பாத்து வாங்குதவனுக்கு நான் எதுக்குலே என்றார். நாளைக்குப் பணத்தோடு வருவதாக வியாபாரியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

பஸ்ஸிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோழி உட்கார்ந்த வண்டி, காலைப் பார்த்து எடுத்த முடிவு, என் வேலை. மறுநாள் காலையில் கறுப்பு வண்டியை வாங்கிவிட்டேன். சிவப்பை வியாபாரி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாக அண்ணாச்சியிடம் கூசாமல் பொய் சொன்னேன். சரிலே என்று அவர் கயிற்றுச் சுருளைப் பிரிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம், இரண்டு கூடை இறாலோடு ஆலந்தலை மணலில் வண்டி அச்சுவரை புதைந்தது. இழுத்தேன். அண்ணாச்சி விரல் வைத்த அதே இடத்தில் சட்டம் முறிந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சிவப்பு வண்டி மணலில் துள்ளிக்கொண்டு வந்தது. ஒரு மீன் வியாபாரி ஓட்டிவந்தார். பின்னால் அவர் மனைவி, இரண்டு பக்கமும் கூடைகள். ஸ்ரீவைகுண்டத்தில் வாங்கியதாம்.

“எவனோ ஒருத்தன் எடுக்கேன்னு சொல்லிட்டு வரவே இல்லியாம். கூறுகெட்ட பய” என்று அனுதாபத்தோடு என்னிடமே சொன்னார்.

மறுநாள் பட்டப்பகலில் மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு என் வாகனம் கடற்கரைச் சாலைக்கு வந்தது. டீக்கடையில் மேனேஜர் இருந்தார். இறால் அழுகிப்போன கோபம் அவருக்கு. சொந்த புத்தியில் இதை வாங்கினவனை வைத்து நான் எப்படிச் சரக்குப் பிடிப்பது, இன்றோடு நின்றுகொள் என்று கத்தினார். டீக்கடைக்காரர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவன் எங்கே பார்த்தான், அண்ணாச்சியோடுதானே ஊர் ஊராகப் போனான் என்றார். எல்லோரும் எதிர்ப்பக்கம் திரும்பினார்கள்.

அண்ணாச்சி கடை வாசலில் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. மீன் வியாபாரிக்கு அவர் கயிறு அளந்துகொண்டிருந்தார். எங்கே, எப்போது வாங்கியது என்று அவரிடம் அண்ணாச்சி கேட்காமல் விட்டிருக்கமாட்டார். என் பொய் தெரிந்துபோயிருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தார்.

“ஆமா, நாந்தான் பாத்துக் குடுத்தேன்” என்றார். “கண்ணு தப்பிட்டு.”

மேனேஜர் சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கே தப்பினால் இந்தப் பையன் என்ன செய்வான் என்று சொல்லி, கம்பெனியின் பழைய வண்டி ஒன்றை எனக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு அண்ணாச்சியை யாரும் எதையும் பார்க்க அழைக்கவில்லை. மாட்டுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. டீக்கடையில் அவர் டீயைக் குடிக்கும் முன், சீனி இருக்கா இல்லையான்னு பாத்தே சொல்லிருவியளே அண்ணாச்சி என்று கேலி செய்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். ஒருநாள் மனசு தாங்காமல் அவர் கடைக்குப் போய் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“வேல போகலல்லா?”

“போகல அண்ணாச்சி.”

“பெறவு என்னலே. தள்ளி நில்லு, கயிறு அளக்கணும்.”

அந்த வேலையில்தான் இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்தேன். அதே கம்பெனியில் மேனேஜராகி ஓய்வும் பெற்றேன். அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்தப் பக்கத்தில் வயதானவர்கள் அவர் பேச்சு வந்தால், மோட்டார் சைக்கிளில்தான் மனுஷன் கோட்டைவிட்டார் என்று முடிக்கிறார்கள். அவர்களில் யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அந்தக் கறுப்பு வண்டியை வாங்கியது நான். எங்கள் அண்ணாச்சி அதை வேண்டாம் என்றுதான் சொன்னார்.