தடைக்காலத்தில் கரையேறும் இடியாப்பம்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளவும். நேரில் வாய் வராததால்தான் எழுதுகிறேன்.

ராயபுரத்தில் சலூன் வைத்திருக்கும் என்னை 'சுக்கான்' அளவுக்குப் படுத்தியவர் இந்த உலகத்திலேயே கிடையாது. விசைப்படகு ஓட்டுபவர்; சுக்கான் பிடிப்பதால் வந்த பட்டப்பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டு நாய் அவரிடம் உண்டு. உடம்பு முழுக்கச் சுருள் முடி. பெயர் இடியாப்பம். வலையிலிருந்து அறுந்த மிதவையைக் கடலில் குதித்துக் கவ்வி வரும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். சுக்கானுக்கு நாயும் ஒரு படகுதான். தடை தொடங்கியபின் வரும் முதல் ஞாயிறு, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது கூட்டிவந்துவிடுவார்.

"மாமு, சர்வீஸுக்கு வந்துகீறான். வருசத்துக்கு ஒருவாட்டிதான். கத்திரி மட்டும் போடு. சீப்பு பட்டுச்சு, சுருளு பூரா பஞ்சாப் பூடும். காதுல ஈரம் நிக்காம தொடைச்சு வுடு."

நாற்காலியில் ஏறியதும் அது ஒரு உதறு உதறும். அடுத்த நாற்காலிக்காரரின் சோப்பு நுரையில் முடி ஒட்டித் தாடி இரண்டு மடங்காகும்.

"இன்னாபா, எனக்கும் அதே கத்திரியா?" என்று ஒருமுறை ஒருவர் எகிறினார்.

"உனுக்கு எதுக்கு நைனா கத்திரி? ஈரத்துணியால தொடைச்சாப் போதும்" என்றார் சுக்கான். அந்த வழுக்கைத்தலையர் அன்று போனவர், திரும்பி வரவே இல்லை.

எனக்கோ வாய்விட்டு மறுக்கக் கூச்சம். போன வருடம், 'நாய்க்கு முடி வெட்டப்படாது' என்று பலகை எழுதி மாட்டினேன். சுக்கான் அதைச் சத்தமாகப் படித்தார்.

"கரெக்ட்டு மாமு. இல்லாங்காட்டி கண்ட நாயும் வரும்" என்று பாராட்டிவிட்டு, இடியாப்பத்தை நாற்காலியில் ஏற்றினார்.

அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன். "பொழப்பு போவுது அண்ணே! அண்ணா நகர்ல நாய்க்குன்னே கடை கீது, அங்க போ!"

சுக்கான் நாயைத் தூக்கிக்கொண்டு போனார்.

அண்ணா நகரில் சீப்புப் போட்டுச் சீவி, சூடான காற்றடித்து அனுப்பியிருக்கிறார்கள். கிழிந்த மெத்தை மாதிரி திரும்பி வந்தது. தெருவே சிரித்தது. சுக்கான் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அன்றிலிருந்து எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார். நாய் மட்டும் என் கடைப் பக்கம் இழுக்கும்.

இப்போது எந்த சலூனில் உட்கார்ந்து இந்த வாரப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்து மற்றவர்களைப் பேஜார் பண்ணுகிறாரோ தெரியவில்லை. அதனால் இதை இங்கே எழுதுகிறேன். அண்ணே, பலகையைக் கழற்றிவிட்டேன். இடியாப்பத்துக்கென்று தனிக் கத்திரி வாங்கித் தீட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள், கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை.

எழுதி முடித்தது: தடைக்காலம் தொடங்கி ஐந்தாம் நாள்.