ஒற்றை ஓட்டுக்குச் சொந்தக்காரர்

"ஒண்ணா? நல்லாப் பாத்தியா? பக்கத்துல சைபர் ஏதும் இல்லையா?"

தையல்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. நம்ம ஊர்ச் சாவடியில நம்ம கட்சிக்கு அவ்வளவுதான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

தையல்காரர் அந்தப் பழைய கட்சியின் கிளைச் செயலாளர். அவருக்கு முன்னால் அவர் அப்பா. அப்பா காலத்தில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவனை ஊரில் வலைபோட்டுத் தேட வேண்டும். பிறகு ஆலை மூடியது, பஸ் குறைந்தது, தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டும் கரைந்தது. இது முதலில் தெரிந்தது அவருடைய தையல் மெஷினுக்குத்தான். முன்னறையில் தைக்கிற சொந்தக் கட்சிக் கொடி குறையக் குறைய, பின்னறையில் ரகசியமாகத் தைக்கிற எதிர்க்கட்சிக் கொடி பெருகியது. அந்தக் கட்சியின் சாவடி ஏஜென்ட் பின்கதவு வழியாக வந்து வாங்கிப்போவான். வயிறு கட்சி பார்க்குமா என்ன!

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு ஓட்டு அவருடையதே அல்ல. சாவடிக்குள் நின்றபோது அந்தக் கொடி ஆர்டர் ஞாபகம் வந்து, கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

போன் அடித்தது. மாவட்டத் தலைவர்.

"அந்த ஒரு விசுவாசி யாருய்யா? நீதானே? இல்லேன்னா செயலாளர் பலகையைக் கழட்டி அவன் வீட்டுல மாட்டு. சாயங்காலம் வர்றேன்."

"நான்தான் தலைவரே!"

சொல்லிவிட்டாரே தவிர, உட்கார முடியவில்லை. கடைக்கும் வாசலுக்கும் நடந்தார். அந்தப் பலகை அப்பா மாட்டியது. அது போனால் அவர் வெறும் தையல்காரர்தான்.

ரொட்டிக்கடைக்காரர் காதருகே வந்தார். "அண்ணே, வெளிய சொல்லாதீங்க. அது நான் போட்டது."

அவர் தலை மறைந்ததும் முடிதிருத்துபவர் வந்தார். "என்னோடதுண்ணே." அடுத்து வாத்தியார், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். மதியத்துக்குள் ஒரு ஓட்டுக்கு ஏழு பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

பொறுக்க முடியாமல் தையல்காரர் கத்தினார். "எல்லாரும் போங்கய்யா! அது என் ஓட்டு!"

பின்னறையில் மெஷின் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்களோடதா? அப்போ நான் போட்டது எங்க போச்சு? மாமனார் கட்சியாச்சேன்னு கண்ண மூடிட்டுப் போட்டேனே!"

தையல்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைவருக்குப் போன் போட்டார்.

"தலைவரே, அது என் வீட்டுக்காரி ஓட்டு."

"காலையில நான்தான்னு சொன்னியே?"

"வாய் தவறிடுச்சு."

"முழுக் கட்சியே தவறிடுச்சு, உன் வாய் எம்மாத்திரம்! வந்துட்டே இருக்கேன்."

தலைவர் கார் வந்து நின்றபோது, வாசலில் வாத்தியாரின் சட்டையை முடிதிருத்துபவர் பிடித்திருந்தார். "என் ஓட்டத் திருடறியா?" நடுவில் தையல்காரர் மனைவி பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொடி வாங்க வந்த எதிர்க்கட்சி ஏஜென்ட், பின்கதவில் யாரும் இல்லாததால் முன்பக்கம் வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டான். தலையைச் சொறிந்தான்.

"அடப் பாவமே, அது நான் போட்டதுண்ணே! நீங்க இத்தன பேர் இருக்கீங்க, எப்படியும் இருபது முப்பது விழும், அதோட ஒண்ணாக் கிடக்கட்டும்னு போட்டேன். இப்படித் தனியா மாட்டிக்கும்னு யாருக்குத் தெரியும்?"