பொம்மைக் கட்டிலுக்கு வயசு நூறு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பல் தேய்க்கும்போதே சபதம் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கைவினைக் கண்காட்சியில் இந்தத் தடவை முதல் பரிசு அவருக்குத்தான்!

கடை மூடிய நேரத்தில் அவர் பொம்மைகளுக்கு மரச்சாமான் செய்வார். அதுவும் பாட்டன் காலத்துப் பாணியில். உள்ளங்கையில் அடங்கும் தூண் வைத்த கட்டில். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு எழுதுமேசை, அதில் ஆறு இழுப்பறை. கட்டைவிரல் உயரத்தில் கிராமபோன். அலமாரிக் கதவுக்குக் கீல் எங்கே கிடைத்தது என்கிறீர்களா? உடைந்த மூக்குக்கண்ணாடிகளில்தான். எல்லாம் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டுப் போட்டு. தொழிலே பார்வை என்பதால் சாமான்களும் பார்வைக்கு மட்டும்தான். ஏழு வயது மகள் தன் விரல் நீள, பாதி வழுக்கைப் பொம்மையைச் செருப்புப் பெட்டியில் தூங்கவைத்துவிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள்.

போன வருஷம் நடுவர் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டார். "அழகுதான். ஆனா நேத்து செஞ்ச மாதிரி இருக்கே!"

ஆகவே இந்த வருஷம் பழசாக்கும் படலம். தேயிலைத் தண்ணீரில் ஒரு கட்டிலை ஊறவைத்தார்; நனைந்த ரொட்டி ஆனது. உப்புத்தாளால் ஒரு நாற்காலியைத் தேய்த்தார். அதற்குச் சிரங்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படித் தொங்குது?" என்றாள் மனைவி.

"பழசாக மாட்டேங்குது."

"யாரு, நீங்களா? அதெல்லாம் நல்லாவே ஆயிட்டீங்க."

"விளையாடாதே! இந்தச் சாமானுக்கெல்லாம் ரெண்டு நாள்ல நூறு வயசு ஏறணும்!"

"இவ்வளவுதானா? எனக்குத் தெரிஞ்சவங்க அஞ்சு பேர் இருக்காங்க. ஒரே நாள்ல முடிச்சுடுவாங்க. அவங்க கைபட்டு எதுவும் புதுசா இருந்ததா சரித்திரமே இல்ல."

அவர் துள்ளி எழுந்தார். "அடேயப்பா! என்ன மருந்து போடறாங்க?"

"மருந்தே கிடையாது. எல்லாம் கைப்பக்குவம்."

"பதிலுக்கு என்ன கேப்பாங்க?"

"ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்."

"பாத்தியா! உண்மையான கலைஞர்களுக்குப் பேராசையே இருக்காது!"

"ஒரே நிபந்தனைங்க. வேலை முடியறவரைக்கும் நீங்க உள்ளே வரக்கூடாது. தொழில் ரகசியம்."

சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டு, கூடத்தின் மூடிய கதவுக்கு வெளியே உலாத்தினார். உள்ளே தடதடவென்று சத்தம். சிரிப்பு. "டாக்டரைக் கூப்பிடு, குழந்தைக்குக் காய்ச்சல்!" என்று ஒரு குரல்.

"நிபுணர்கள்ல பெண்களும் உண்டா?"

"எல்லாருமே பெண்கள்தான்."

"கட்டில்ல யாரோ குதிக்கற மாதிரி இருக்கே!"

"வலுவைச் சோதிக்கறாங்க. போய் ஒரு காபி சாப்பிடுங்க."

சாயங்காலம் கதவு திறந்தது. தரையில் வட்டமாக மகளும் அவள் சிநேகிதிகள் நாலு பேரும்! தூண் கட்டிலில் அந்தப் பாதி வழுக்கை மகாராணி போலச் சாய்ந்திருந்தது. ஆறு இழுப்பறையிலும் பிஸ்கட் தூள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நாற்காலியின் கைப்பிடியில் விரல் படும் இடம் மட்டும் மழுங்கி, நிறம் மங்கியிருந்தது. இழுப்பறை விளிம்பு இழுத்து இழுத்து வழுவழுவென்று ஆகியிருந்தது. கட்டில் தூண்களில் நாலு தலைமுறைக் கை அழுக்கு!

"இதான்! இதேதான்!" என்று கூத்தாடினார்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் கட்டிலைத் தடவித் தடவிப் பார்த்து, "எந்த அரண்மனையில எடுத்தீங்க?" என்று கேட்டார். முதல் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குள் நுழைந்த கணவர், நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார்.

"இனிமே நான் எது செஞ்சாலும் முதல் ஒரு மாசம் பிள்ளைங்க அதுல விளையாடியே ஆகணும். இது என் உத்தரவு! இப்படி ஒரு யோசனை வேற யாருக்காவது வருமா?"

மனைவி கோப்பையை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அதானே! எப்படிங்க உங்களுக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?"