காரணம் கேட்கக் கூடாத போன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மகளும் பேரனும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் "சரி மாமா, பார்க்கிறேன் மாமா" என்று முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் நடுவே புக முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம், நீங்கள் செய்து எங்கள் ஆபீசுக்கு அனுப்பிய ஏஐ மிஷினைப் பற்றி. மாப்பிள்ளை கைவேலை என்று முதல் நாள் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். இப்போது அதே ஆட்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும், நோயாளிகளுக்கு வீட்டில் போட ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்குத் தருகிறோம். வருகிற போனில் பாதி "கட்டில் வேணும்", மீதி "கட்டிலை எடுத்துட்டுப் போங்க". எடுக்கச் சொன்னால் ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. குணமாகி எழுந்தவர்கள் தாங்களே சந்தோஷமாகச் சொல்லிவிடுவார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் தாங்களாகப் பேசும்வரை போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். உங்கள் மிஷினோ, அவர்கள் மூச்சு விடுவதற்குள் "திருப்பித் தரும் காரணம் என்ன" என்று கேட்கச் சொல்லித் திரையில் சிவப்பாக மின்னுகிறது. பிறகு நம் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று வேறு கேட்க வேண்டுமாம். சும்மா இருந்தால், ஒவ்வொரு போனுக்கும் அது எங்களுக்குப் போடுகிற மார்க் போச்சு.

இதற்கு நடுவில் "மனிதரை மையமாகக் கொண்ட தலைமை" என்று எங்களுக்கு ஒரு வகுப்பு. நடத்தியதும் திரைதான். "என்னை மதிக்கிறார்கள் என்று உணர்கிறேன்" என்ற பட்டனை அமுக்கினால்தான் சாப்பிட விடும். எங்கள் சின்ன முதலாளி, நல்ல பிள்ளை, முதல் ஆளாய் அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இப்போது தலைபோகிற காரியம். எங்கள் பிரிவில் பட்டாசு என்று ஒரு பெண்மணி. பேர் வைத்தது நான்தான். ஃபேன் வேகத்துக்குச் சண்டை, டீ ஆறியதற்குச் சண்டை, என்னையே ஒருநாள் "சார், நீங்க சூப்பர்வைசரா, சுவத்துல மாட்டின காலண்டரா" என்று கேட்டவள். அப்படிப்பட்டவள் கட்டிலை எடுக்கச் சொல்லி போன் வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். போன வாரம் ஒரு பெரியவர், "கட்டிலை எடுத்துக்கங்கம்மா" என்றார், அதற்கு மேல் முடியாமல் அழுதார். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கழித்து அவரே, "இருக்கியாம்மா?" என்றார். "இருக்கேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மிஷின் "பரிவு: பூஜ்யம்" என்று போட்டது. பக்கத்து நாற்காலியில் ரேடியோ என்று ஒரு பையன், அழுகிறவர் சிரிக்கிறவர் எல்லோரிடமும் "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று ஒப்பிக்கிறவன், அவனுக்கு முழு மார்க். மாதக் கடைசியோடு பட்டாசை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்பது மிஷினின் சிபாரிசு. சின்ன முதலாளியிடம் போய் மன்றாடினேன். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா நானா முடிவு பண்றேன்? அதுதானே சொல்லுது" என்றார். பட்டாசின் சம்பளத்தில்தான் அவள் குடும்பம் ஓடுகிறது.

மாமனார் மாப்பிள்ளையைக் கெஞ்சுவது முறையல்ல. இருந்தாலும் கெஞ்சுகிறேன். மிஷினுக்குள் எதையாவது திருகி, சும்மா இருப்பதற்கும் மார்க் போட வையுங்கள். அவள் வேலை தப்பிக்கும்.

மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள். மிஷினுக்கும் ஆசி சொல்லலாம் என்றால் மனசு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், சந்தோஷப்படுவாள் என்று பட்டாசிடம் படித்துக் காட்டினேன். "வேணாம் சார். சும்மா இருந்தா மார்க்குன்னு சொல்லிட்டா, நாளைக்கே ரேடியோ சும்மா இருக்கப் பழகிடுவான். அந்தப் பக்கம் அழறவங்களுக்கு அது தெரியாதா? நான் வேற வேலை தேடிக்கறேன்" என்றாள். சண்டை போடும் குரல் இல்லை. மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆகவே நீங்கள் மிஷினைத் தொட வேண்டாம். சாயங்காலம் அவள் மேசையில் போன் அடித்தது, நான் எடுத்தேன். ஒரு பெண் குரல், "கட்டிலை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றது. பிறகு பேச்சில்லை. நானும் சும்மாதான் இருந்தேன். திரை சிவப்பாக மின்ன ஆரம்பித்ததும், காரணம் என்ன என்று கேட்டுவிட்டேன், மாப்பிள்ளை. முழு மார்க் வந்திருக்கிறது.