தபசு காலத்தில் பூத்துவிட்ட செடிகள்

சேசு மரி சூசை துணை

சேலம், அயோத்தியாப்பட்டணம் ரோடு,
8—3—1937, திங்கட்கிழமை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ரைட்டராக விளங்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி கிறிஸ்துராஜுக்கு, அக்காள் புருஷன் சவரிராயன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் வேளாங்கண்ணியும் உன் மருமகள் ஜெபமலரும் தேவ கிருபையால் சுகம். செடிகளும் சுகம். அதுதான் இப்போது சங்கடம். மலையில் குளிர் விட்டதா, உனக்கு இருமல் விட்டதா என்று விவரமாக எழுதவும்.

நிற்க, காரியத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை எஸ்டேட் லாரி மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்போது நீயும் அதில் தொற்றிக்கொண்டு வந்து, என் வாசலில் இருக்கிற அத்தனை பூச்செடிகளையும் வேரோடு கிளப்பி ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். மண்வெட்டி கொண்டு வா. இங்கே இருப்பதற்குப் பிடி ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிபுரத்திலிருந்து சூசையம்மாள் வருகிறாள். அவள் வரும்போது என் வாசலில் ஒரு பூ இருக்கக்கூடாது. மாமனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று உன் சம்சாரத்திடம் சொல்லிச் சிரிக்காதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரி.

சூசையம்மாள் என்பது ஜெபமலரைத் தன் மகனுக்குக் கேட்டு ஐப்பசியில் வந்தாளே, அந்த அம்மாள்தான். ராசிபுரத்துப் பக்கம் நல்ல குடும்பம். ஊர்க் கோவிலில் பாஸ்குத் தேருக்கும் மாதா சுரூபத்துக்கும் மாலை கொடுப்பது பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு உரிமை. பையனும் தங்கமானவன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. புது வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்; சுவரைத் தட்டிப் பார்த்தாள்; கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தே பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள். அங்கே சுண்ணாம்புக் குவியலும் உடைந்த செங்கல்லும் மட்டும் இருந்தன. "ஏனுங்க, இத்தாம் பெரிய வாசல்ல ஒரு பூச்செடிகூட இல்லீங்களா?" என்று கேட்டாள். கேட்டதும் முகம் வாடிப்போயிற்று. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, "அறுப்பு முடியட்டுங்க, மாசியில மறுக்கா வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். மாலை கட்டுகிற குடும்பத்துக்குப் பூ வாசனையே தெரியாத வீட்டில் பெண் எடுக்க மனசு வருமா? ஜெபமலருக்கு இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது உனக்குத் தெரியும். உன் அக்காள் ராத்திரி ஜெபமாலையின் கடைசியில் தனியாக ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்கிறாள். அது யாருக்கு என்று தெரியாதவன் போல் நானும் ஆமென் சொல்கிறேன். ஆகவே, மாசி பிறந்தால் வாசல் முழுக்கப் பூ என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செடி வைப்பது என்றால் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவது என்று நினைத்திருந்தேன். ஆயுசெல்லாம் ரயிலில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்தவனுக்குச் சரக்கை ஏற்றினால் ஊர் போய்ச் சேரும் என்பதுதான் தெரியும். மாசியில் எந்தச் செடி பூக்கும் என்று நாலு பேரைக் கேட்டேன். எந்தச் செடி வைக்கக்கூடாது என்று நாற்பது பேர் சொன்னார்கள். அரளி வெயிலுக்கு அஞ்சாது, கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்றேன். "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கிற வீட்டுல அரளி விதையா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று உன் அக்காள் கரண்டியோடு வெளியே வந்தாள். நந்தியாவட்டை என்றேன். கண்வலிக்காரர்கள் எல்லாம் விடிவதற்குள் வந்து பறித்துக்கொண்டு போவார்கள், நமக்கு இலைதான் மிஞ்சும் என்றாள். செம்பருத்தி வருஷம் பூராவும் பூக்கிறது, மாசியில் பூத்தால் அதற்கென்ன பெருமை? மனோரஞ்சிதம் என்று வாயைத் திறந்ததும் பால்காரி அங்கம்மாள் "பாம்பு வருமுங்க" என்றாள். பவழமல்லி உதிர்ந்துவிடுமாம், மருதாணிக்குப் பேய் வருமாம். கடைசியில், மாசியில் பூக்கும், பாம்பும் பேயும் பேச்சும் வராது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டவை மூன்றே: சிவப்பு விருட்சி, காகிதப்பூ, குண்டுமல்லி. தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் வளர்ந்த செடிகளாகவே கொடுத்தார்.

இதற்கு நடுவில் நீ அனுப்பிய சீமைப் பூச்செடி வந்து சேர்ந்தது. உங்கள் எஸ்டேட் துரைசாணி ஆசையாக வளர்ப்பது, குளிர் விட்டதும் இலை தெரியாமல் பூக்கும் என்று நீ எழுதிய கடிதம் புதன்கிழமை வந்தது; செடி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பஸ் கூரை மேல் வெயிலில் வந்ததில் இலையெல்லாம் கொட்டி, வைக்கோல் சுற்றிய குச்சிக் கட்டாக இருந்தது. தம்பி ஞாபகமாக மலை விறகு அனுப்பியிருக்கிறான் என்று வேளாங்கண்ணி பூரித்துப்போய், அதை வைத்துத்தான் அன்றைக்குப் பருப்பு வேகவைத்தாள். புகையே இல்லை, இன்னும் ஒரு கட்டு கிடைக்குமா என்று உன்னைக் கேட்கச் சொல்கிறாள். குண்டுமல்லியை மார்கழியில் கவாத்து செய்தால்தான் மாசியில் மொட்டு வைக்கும் என்றார்கள். நான் திண்டாடிக் கத்தி தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆடு உள்ளே நுழைந்து கவாத்தை முடித்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, என்னைவிட ஒழுங்காகவே செய்திருந்தது.

இப்போது நான் செய்த பெரிய பிசகைக் கேள். போன வருஷம் நாற்பது நாள் தபசு தொடங்குகிற விபூதிப் புதன் மாசி பாதியில்தான் வந்தது. இந்த வருஷமும் அப்படித்தான் வரும், மாசி முதல் வாரத்தில் பூ பூத்துவிடும், அதற்குள் சூசையம்மாளை வரவழைத்துவிடலாம் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டேன். இந்த வருஷம் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முந்திக்கொண்டது. தை முடிவதற்குள்ளேயே தபசு காலம் பிறந்துவிட்டது! கோவில் காலண்டரைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, தெருவில் யார் திருநாள் கேட்டாலும் தேதி சொல்கிறவன் நான். பூச்செடிக்கு மட்டும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. தபசு காலத்தில் பாஸ்கு வரைக்கும் பீடத்தில் பூ இல்லை, பெண்கள் தலையில் பூ இல்லை. சூசையம்மாள் வீட்டில் இன்னும் கடுமை, வெற்றிலையைக்கூடத் தொடமாட்டார்களாம்.

அதுவரைக்கும் ஒரு மொட்டைக்கூடக் காட்டாத செடிகள், விபூதிப் புதன் அன்று நான் நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து திரும்பும்போது பூத்து நிற்கின்றன. மறுநாள் அதைவிட அதிகம். பறித்தால் ஒன்றுக்கு இரண்டாக வருகிறது. பறித்ததை வைக்கவும் இடமில்லை. தலையில் வைக்கக்கூடாது, பீடத்தில் வைக்கக்கூடாது, குப்பையில் போட மனசு வரவில்லை. காகிதப்பூ மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. வாசல் வழியாக ஆத்தூர் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஊரெல்லாம் ஒரு வேளைச் சோற்றோடு ஒருசந்தி இருக்கிறது, சவரிராயன் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. சூசையம்மாள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? பூ வேண்டிய காலத்தில் ஒன்றும் இல்லை, கூடாத காலத்தில் கொட்டிக் கிடக்கிறது, இது என்ன குடும்பம் என்று நினைக்கமாட்டாளா? உள்ளபடி சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஜெபமலர் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யோசித்தேன். பாடுகளின் ஞாயிறு வந்தால் கோவிலில் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவதில்லையா? சுரூபத்தையே மூடலாம் என்றால் செடியை மூடக்கூடாதா? அம்மாப்பேட்டையில் சாயம் போடுகிறவரிடம் ஊதாத் துணி வாங்கி வந்து, செடிக்குச் செடி போர்த்தி, இடுப்பில் கயிறு கட்டிவிட்டேன். பார்க்க அடக்கமாகத்தான் இருந்தது. விடிந்ததும் அங்கம்மாள் பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா எப்பங்க வந்தாங்க? ஒரு வார்த்தை சொல்லலீங்களே!"

"ஆத்தா இல்லை அங்கம்மா, விருட்சிச் செடி" என்றேன்.

"செடியிலதானுங்க அவங்க இருப்பாங்க" என்று சொல்லி மஞ்சளைத் தடவிவிட்டு, தன் எருமை நல்லபடியாகக் கன்று போடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே அந்த எருமை பெட்டைக் கன்று போட்டுத் தொலைத்தது. அதோடு நான் தீர்ந்தேன். மறுநாள் சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். இன்னொருவர் உண்டியல் எங்கே என்று என்னையே கேட்டார். நம் பங்குச் சாமியார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர், என்னையும் பார்த்து, தேங்காய் மூடியையும் பார்த்து, பெல் அடித்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெல்லுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. துணியை எடுத்தால் பூ, எடுக்காவிட்டால் கும்பாபிஷேகம். சூசையம்மாள் ஞாயிற்றுக்கிழமை வந்து எதைப் பார்ப்பது?

ஆகையால் மேலே சொன்னபடி லாரியோடு வந்து சேரவும். செடிகளைத் துரைசாணிக்குக் கொடுத்துவிடு, உனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். அதற்குப் பதிலாக ஆயுசுக்கும் பூக்காத செடி ஏதாவது இருந்தால் நாலு கொண்டு வா. உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தேவமாதா தன் போர்வையால் உங்கள் எல்லோரையும் மூடிக் காப்பாளாக. எனக்குத்தான் துணி போதவில்லை.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
சவரிராயன்

பின்குறிப்பு: லாரி வேண்டாம். மண்வெட்டியும் வேண்டாம். மேலே எழுதியது ஒன்றையும் செய்யாதே.

கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வாசலில் ஜட்கா வந்து நின்றது. சூசையம்மாள்! கோவிலுக்கு ஊதாத் துணி எடுக்கச் சேலம் வந்தவள், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஞாயிறு வரைக்கும் எதற்கு என்று இங்கேயே வந்துவிட்டாள். அவள் இறங்கும்போது அங்கம்மாள் கையில் சூடத்தட்டோடு விருட்சியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சட்டைகூட இல்லாமல் நின்றேன்.

"நாங்க இன்னம் சுரூபத்துக்கே துணி போடலீங்க. நீங்க செடிக்கே போட்டுட்டீங்களா?" என்றாள் சூசையம்மாள். அவளே போய்க் கயிற்றை அவிழ்த்துத் துணியை உருவினாள். ஒன்றல்ல, எல்லாவற்றையும் உருவினாள். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தபசு காலத்தில் இப்படி ஆகிவிட்டது, மன்னிக்கவேண்டும் என்று நான் தொடங்கினேன்.

"செடிக்குத் தபசு தெரியுமாங்க?" என்றாள். "எங்க கெணறு உப்பாப் போயி ரெண்டு வருசமாச்சு. தோட்டமெல்லாம் கருகிப் போச்சுங்க. போன பாஸ்குத் தேருக்குத் தாள்ல பூ வெட்டி ஒட்டி அனுப்புனோம். ஊரே சிரிச்சுது. உங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டு அன்னைக்கு அத்தன சந்தோசப்பட்டேன். வாசலுக்கு வந்தா ஒரு செடி இல்ல. மனசு விட்டுப் போச்சுங்க."

அந்த நேரம் பார்த்து ஜெபமலர் மோர் கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போகவேண்டியதுதானே? "பூவெல்லாம் அப்பா வெச்சதுங்க. எனக்கு மாலை கட்ட வராதுங்க" என்றாள். ஐப்பசியிலிருந்து மண்ணோடும் ஆட்டோடும் மாரடித்தேனே, பெண்ணுக்கு மாலை கட்டத் தெரியுமா என்று ஒரு நாளாவது கேட்டேனா?

சூசையம்மாள் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிரித்தாள். "கட்டறதுக்கு எம் பையன் இருக்கறான் சாமி. அவங் கட்டுனா நாலு நாளைக்கு வாடாது. எங்களுக்குப் பூவுக்குத்தான் வழியில்ல." பிறகு என்னைப் பார்த்து, "பூ உங்க ஊட்டுல இருக்கட்டுங்க, பொண்ணு எங்க ஊட்டுக்கு வரட்டும்" என்றாள். பாஸ்கு முடிந்ததும் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று பேசி முடித்துவிட்டோம். இந்தப் பாஸ்குத் தேருக்கு நம் மல்லிகைதான். உன் அக்காள் காலையிலிருந்து அழுவதை நிறுத்தவில்லை. காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

அந்த அம்மாள் உள்ளே உன் அக்காளோடு பேசிக்கொண்டிருந்தபோது செடிகளுக்கு நடுவில் தனியாக நின்றேன். சந்தோஷம்தான் மாப்பிள்ளை. ஆனாலும், என் பெண்ணை அனுப்பிவைக்கத்தான் இத்தனையும் நட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது ஒரு ஏற்பாடு மட்டும் சூசையம்மாளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்: ஒவ்வொரு திருநாளுக்கும் முந்தின நாள், பூப்பறிக்க ஜெபமலரே இங்கே வரவேண்டும். அதனால் மாசியில் பூக்கும் செடி மட்டும் போதாது. மே மாதத்து மாதா வணக்கத்துக்கு ஒன்று, ஆகஸ்டு திருநாளுக்கு ஒன்று, ஆரோக்கிய மாதாவுக்கு ஒன்று, கிறிஸ்து பிறப்புக்கு ஒன்று என்று, மாதத்துக்கு ஒன்றாவது பூக்கிறபடி பார்த்து அனுப்பு. இந்த மாதம் பூ இல்லை என்று அவள் வராமல் இருந்துவிடக்கூடாது.