'மோர் சாஃப்டர்' வதைப் படலம்

சிவப்பு மை வாழ்க. அதை ஏந்திய வலக்கை வாழ்க. அச்சகத்தின் பின்னறையில், ஒரு கால் ஆடும் மேசையையே அரியணையாகக் கொண்டு, பதினோராண்டாக ஒரு பிழையையும் வாசல் தாண்டவிடாத மெய்ப்புத் திருத்துநரே, கண்ணாடிக் கவசத்தாரே, காற்புள்ளிக் காவலரே, உம் புகழ் பாடப் புகுந்தோம். முதுகைச் சற்று நிமிர்த்தி உட்காரும்.

அன்று மேசையில் கிடந்தது மெத்தைக் கடையின் துண்டறிக்கை. தலைப்பில் தமிழில் ஒரு வரி, கடையின் பெயர். தாய்மொழிதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நம் வீரர் அதைத் தாண்டினார். அதன் கீழே, ஆங்கிலக் காட்டின் நடுவில், 'மோர் சாஃப்டர்' என்னும் இருதலை அரக்கன் படுத்திருந்தான். கண்டார், கொதித்தார், பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார்.

அரக்கனின் குற்றம் யாதெனில், ஆங்கிலத்தில் 'சாஃப்ட்' போல ஒரே மூச்சில் முடியும் குறுஞ்சொல், இன்னொன்றை மிஞ்ச 'அர்' என்றொரு வாலை ஒட்டிக்கொண்டு 'சாஃப்டர்' ஆகும். எல்லாவற்றையும் மிஞ்ச 'எஸ்ட்' வாலோடு 'சாஃப்டெஸ்ட்' ஆகும். 'கம்ஃபர்ட்டபிள்' போல நீண்டு நெளியும் சொல்லோ, வாலை ஒட்டினால் முதுகொடிந்து விழும். ஆகவே 'மோர்', 'மோஸ்ட்' என்னும் கட்டியக்காரர்களை முன்னே நடக்கவிட்டுப் பின்னே பல்லக்கில் வரும். வால் அல்லது கட்டியக்காரன், ஏதேனும் ஒன்று. இரண்டையும் கேட்பது தொப்பிக்கு மேல் தலைப்பாகை கட்டுவது.

பஞ்சுப் பொதி உருண்டு வந்தாற்போல் வந்து சேர்ந்தார் கடைக்காரர்.

"சாஃப்டர்னாலே போதும்ணே. மெத்தைக்கு எதுக்கு மோரு? ஊத்துனா ஊறிடும்" என்றார் வீரர்.

கடைக்காரர் அசையவில்லை. "உங்களை 'அவர்'னு சொன்னாலே மரியாதைதான் சார். ஆனா கல்யாணப் பத்திரிகையில 'அவர்கள்'னு போடலைன்னா உங்க மாமனார் சும்மா இருப்பாரா? அது மாதிரிதான். என் மெத்தைக்கு ரெண்டு மரியாதை."

தமிழன் ஒருவனுக்கு மட்டுமே உதிக்கக்கூடிய அவ்வாதம், மார்பில் பாய்ந்த வேலென நம் வீரரை நாற்காலியோடு பின்னுக்குத் தள்ளியது.

அச்சக முதலாளி, வீரரின் மனைவிக்குத் தம்பி, எட்டிப் பார்த்தார். "விடுங்க மச்சான். அவரு மெத்தை, அவரு மோரு."

வீரர் எழுந்தார். மேசை ஆடியது. "இந்த மோரு அச்சேறினா நான் இந்த நாற்காலியை விட்டு இறங்கிடறேன். பிழையோட ஒரு தாள் வெளிய போச்சுன்னா அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?"

மூண்டது போர். மெய்ப்பு நான்கு முறை போனது, நான்கு முறை மீண்டது. வீரர் அடிக்க, கடைக்காரர் உயிர்ப்பிக்க, அகராதிகள் அலமாரியிலிருந்து கோட்டைக் கற்களென இறங்கின. நண்பகலில் கடைக்காரருக்குப் பசித்தது. "என்னமோ பண்ணுங்க சார்" என்னும் சரணாகதிச் சொல் பிறந்தது. செம்மை பாய்ந்தது, 'மோர்' மாண்டது, இயந்திரம் வெற்றி முரசென அதிர்ந்து மூவாயிரம் தாள்களைக் கக்கியது.

ஈரம் காயாத முதல் தாளை, பகைவன் கொடியைக் கைப்பற்றியவர் போல் இரு கையாலும் உயர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பதினோராண்டுப் புகழும் மார்பில் விம்ம, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார் வீரர்.

மெத்தைக் கடை என்பது மொத்தைக் கடை என்று அச்சாகியிருந்தது.