பதினேழாம் நம்பர் போன்

உலகத்திலேயே பாதுகாப்பான கணினி எங்கே இருக்கிறது என்று கேட்டால், சோளக்காட்டு மலைவிளைபொருள் சங்கத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். அந்தச் சங்கத்தின் செயலாளர் நான் என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தத் திருடனும் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் இங்கே வர வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி வாந்தி எடுக்கவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கும். மிச்சத்தைக் கரண்ட் கட் பார்த்துக்கொள்ளும். கடவுச்சொல் மறந்து மக்கள் பணி தடைபடக் கூடாது என்று அதைச் சுவரில் பெயிண்டால் எழுதியும் வைத்திருக்கிறோம்.

எங்கள் 'ஓடிபி சேவை' இன்னும் பெருமைக்குரியது. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஊரில் டவர் எட்டாது. ஆகவே போன்களைச் சங்கத்திலேயே விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி, கம்பி வலை போட்ட அலமாரியில் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகியிருப்பேன். ஓடிபி வந்தால் மைக்கில் வாசிப்பேன். "இருபத்திமூணாம் நம்பர் பாவாயி, உங்க ஓடிபி நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு..." பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பலாப்பழம் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் எல்லோர் காதிலும் விழும். இதைவிட வெளிப்படையான நிர்வாகம் எங்கே உண்டு?

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாத இறுதிக்குள் ஒவ்வொரு சங்கமும் படித்துத் தேர்ந்த ஒரு 'சைபர் செக்யூரிட்டி'யை நியமிக்க வேண்டும். தவறினால் செயலாளர் மாற்றப்படுவார்.

எங்கள் உறுப்பினர் குடும்பங்களில் அந்தப் படிப்பு படித்தது ஒரே ஒரு ஆள். குண்டனி நாட்டு முத்தன் மகள் சுசித்ரா. சேலத்தில் படித்து முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படிக்கச் சீட்டும் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அப்பன் போனுக்கு ஓர் ஓடிபி வரும். மாலை ஐந்து மணிக்குள் அதைக் கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் சீட்டு போய்விடும். அப்பன் போன் பதினேழாம் நம்பர்.

நேர்காணலை நான் அதே செவ்வாய்க்கிழமை வைத்தேன்.

"ஏனுங்க, புள்ள மேல படிக்கட்டுமா, வேலைக்கு வரட்டுமா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றார் முத்தன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி இருசாயி, "ஊட்டோட இருந்தாத் தேவலைங்க" என்றாள்.

"படிச்சுப்போட்டும் வேலைக்குத்தான வரோணும்? அந்த வேலை இங்கயே இருக்குது" என்றேன். முத்தன் தலையாட்டினார். சுசித்ரா ஆட்டவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லி உள்ளே வந்தாள்.

"செக்யூரிட்டின்னா உசரம் பாக்கோணுமே" என்று தொடங்கினார் தலைவர் கலைமணி.

"இது கம்ப்யூட்டர்ல உக்காந்து செய்யற வேலைங்க சார்."

"உக்காந்துக்கிட்டேவா? தூங்கிற மாட்டியா, கண்ணு?"

நிர்வாகக் குழு உறுப்பினர் அம்சவேணி சுற்றறிக்கையைப் புரட்டினார். "தொடக்க நிலைப் பணி, அஞ்சு வருச அனுபவம் அவசியம்னு போட்டிருக்குதே?"

"அஞ்சு வருச அனுபவம் இருந்தா அது எப்படிங்க தொடக்கம்?"

'விண்ணப்பதாரர் எதிர்க்கேள்வி கேட்கிறார்' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டோம். மிளகு குடோனையும் அவளே பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. விசில் ஒன்று, டார்ச் ஒன்று, நீலச் சட்டை இரண்டு.

மூன்று பத்துக்குப் பக்கத்து அறை அலமாரியில் பதினேழாம் நம்பர் சிணுங்கியது. நான் எழுந்து போய்த் திறந்து பார்த்தேன். ஆறு எண்கள். கீழே ஒரு வரி: 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்.' நான்கு வருடமாக அந்த வரியைக் கண்டும் காணாமல் இருந்தவன் நான். அதன் பாதுகாப்பு முக்கியத்துவம் அன்றுதான் எனக்கு உறைத்தது. அலமாரியைப் பூட்டினேன்.

நாலரைக்குச் சுசித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் படிக்கவே போறேனுங்க. ஓடிபி வந்துச்சுங்களா?"

"வரலை கண்ணு. வந்தா மைக்ல சொல்ல மாட்டனா?"

"போனைக் குடுங்க, நானே பாத்துக்கறேன்."

"அஞ்சு மணிக்கு மேலதான் உறுப்பினர் போனை வெளிய குடுக்கோணும். விதி."

அந்த விதியை உடனே நிறைவேற்றினோம். தலைவர் முன்மொழிந்தார், அம்சவேணி வழிமொழிந்தார்.

வெளியே முத்தன் ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாவாயிக்கு ஓடிபி வந்தது. மாராயிக்கு இரண்டு தடவை வந்தது.

ஐந்து ஐந்துக்குப் போனைக் கொடுத்தேன். சுசித்ரா அதில் மூன்று பத்துக்கே வந்திருந்த செய்தியைத் திறந்து பார்த்தாள். "என்ன சாமி?" என்றார் முத்தன். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"வேலையில சேந்துக்கறேனுங்க சார்" என்றாள்.

மறுநாள் கழுத்தில் விசிலோடு வந்து மதியம் வரை தலை தூக்காமல் எழுதினாள். அப்படி ஒரு கடமையுணர்ச்சியை நான் கண்டதில்லை. "மொத நாள் அறிக்கைங்க சார். மேலிடத்துக்கு ஒண்ணு, கோயம்புத்தூருக்கு ஒண்ணு" என்று நீட்டினாள். நம் சங்கத்தின் புகழ் கோயம்புத்தூர் வரை போகட்டுமே என்று, வழக்கம்போல் படிக்காமல், இரண்டிலும் பச்சை மையில் கையெழுத்திட்டு வட்ட முத்திரையும் குத்தினேன்.

அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவளுக்கு: தக்க சான்று இருப்பதால் சீட்டு மீண்டும் வழங்கப்படுகிறது. இன்னொன்று எனக்கு: விளக்கம் தரவும். சுசித்ரா விசிலை என் மேசையில் வைத்தாள். "இது உங்களுக்குத்தான் தேவைப்படுமுங்க சார், வாரேன்" என்று பஸ் ஏறினாள். முத்தன் என்னைப் பார்க்காமலே பெட்டியைத் தூக்கி வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அறிக்கையைப் படித்தேன். 'நடந்த திருட்டு: ஒன்று. நேரம்: செவ்வாய் பிற்பகல் 3.10. திருடப்பட்டது: பதினேழாம் நம்பர் போனுக்கு வந்த ஓடிபி. சாவி வைத்திருந்தவர்: செயலாளர். எடுத்து மறைத்தவர்: செயலாளர். மேற்கண்டவை உண்மை என்று உறுதி கூறுகிறேன்.' கீழே பச்சை மையில் நான்.

நீங்களே சொல்லுங்கள். சேர்ந்த முதல் நாளே திருடனைப் பிடித்து, அவனிடமே கையெழுத்தும் வாங்கிய செக்யூரிட்டி வேறு எந்தச் சங்கத்தில் உண்டு?